மறு: ஃபார்மேட்டிங்குக்கு என்ன சொல் – வடிவமைப்பு, வடிவூட்டம், வழமை

எல்லாருக்கும் வணக்கம்,

தமிழ் விக்கிப்பீடியாவில் ஃபார்மேட்டிங்குக்கு என்ன சொல், பக்கங்களை ஒரே மாதிரி வைக்கும் விதிகளுக்கு என்ன சொல் என்று பேசிவருகிறோம். வந்த மடல்களுக்கு என் பதில் இது.

> ஃபார்மேட்டிங் என்றால் வடிவமைப்பு. எல்லாருக்கும் புரிகிற சொல் இருக்கும்போது புதுச்சொல் எதற்கு?

புரிகிறதுதான், ஆனால் ஆளுக்கு ஒன்றாகப் புரிகிறது. ஆடை வடிவமைப்பு, கட்டட வடிவமைப்பு, இணையதள வடிவமைப்பு என்று அந்தச் சொல் டிசைனுக்குப் போய் ரொம்ப நாளாகிறது. தமிழ் விக்கிப்பீடியாவில் ஒருவர் ஆலமரத்தடியில் (எல்லாரும் கூடிப் பேசும் பக்கம்) வந்து "முதற்பக்க வடிவமைப்பை மாற்றலாமா" என்று கேட்டால் நிறத்தையும் பெட்டிகளையும் பற்றிக் கேட்கிறார். அதே ஆள் ஒரு கட்டுரையின் பேச்சுப் பக்கத்தில் "வடிவமைப்பு சரியில்லை" என்று எழுதினால், உட்தலைப்பை இருபுறமும் ஒற்றைச் சமக்குறி (=) வைத்துப் போட்டிருக்கிறீர்கள், அந்த நிலை பக்கத்தின் பெயருக்கே உரியது, இரட்டைச் சமக்குறியில் (==) தொடங்குங்கள் என்று பொருள். புதிதாக வந்தவர் இதைப் படித்துவிட்டுப் படத்தை இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கத்துக்கு நகர்த்திவைத்துவிட்டுப் போவார். அவர்மேல் என்ன தப்பு?

ஆகவே தடித்த எழுத்து, சாய்வெழுத்து, தலைப்பு நிலை, பட்டியல், அட்டவணை இவற்றையெல்லாம் இடுகிற வேலைக்கு வடிவூட்டம் என்பதையே வைத்துக்கொள்ளலாம் என்பது என் கருத்து. புதிய சொல்லும் இல்லை, ஏற்கெனவே சிலர் புழங்குகிறார்கள்.

> ஊட்டம் என்றாலே சத்துணவு நினைவுக்கு வருகிறது :-)

நிறமூட்டி, சுவையூட்டி, குளிரூட்டி எல்லாம் இருக்கின்றனவே. குளிரூட்டியைப் பார்த்து யாரும் தட்டோடு போய் நிற்பதில்லை. ஒரு பொருளுக்கு இல்லாத தன்மையை ஏற்றுவது என்கிற பொருளில் ஊட்டுதல் நமக்குப் பழகியதுதான்.

இது எளிய பகுதி. இழுபறி இரண்டாவதில்தான், அதாவது பக்கங்கள் எல்லாம் ஒரே மாதிரி இருக்க நாம் ஒத்துக்கொள்ளும் விதிகளை என்னவென்று சொல்வது. "தரநிலை" என்று மூன்று பேர் எழுதியிருக்கிறீர்கள். தரம் என்றதும் வாசிப்பவர் உயர்வு தாழ்வு என்றுதான் எடுத்துக்கொள்வார். மேற்கோள் பகுதி அடியில் இல்லாத கட்டுரை தரம் குறைந்த கட்டுரை ஆகிவிடாது, வேறு ஒழுங்கில் இருக்கிறது, அவ்வளவுதான். செந்தரம் நல்ல சொல், ஆனால் அது ஒருங்குறி (யூனிகோட்), மீட்டர் அளவை போல ஓர் அமைப்பு கூடி முடிவுசெய்து வெளியிடுவதற்குப் பொருந்தும். நியமம் என்றால் இலங்கையில் உடனே பிடிபடும், அங்கே பள்ளிக்கூடத்திலேயே ஸ்டாண்டர்ட் டீவியேஷனை நியம விலகல் என்று படிக்கிறார்கள். தமிழ்நாட்டில் அதே கணக்கு திட்ட விலக்கம், இங்கே நியமம் என்றால் பூசை நியமம்தான் நினைவுக்கு வரும்.

நான் முன்வைப்பது வழமை. பக்க வழமை, பன்மையில் பக்க வழமைகள்.

காரணம் சொல்கிறேன். யாழ்ப்பாணத்தில் ஊரில் நடந்துவந்த சொத்து, சீதன வழக்கங்களை 1707-இல் ஒல்லாந்தர் (டச்சுக்காரர்) எழுத்தில் தொகுத்தார்கள், அதுதான் தேசவழமை. தமிழில் பெயர்த்துப் பன்னிரண்டு முதலியார்களிடம் (அந்தப் பதவியிலிருந்த உள்ளூர்த் தலைவர்கள்) காட்டி, அவர்கள் சரி என்ற பிறகுதான் நிலைத்தது, இன்றும் அங்கே சட்டமாக இருக்கிறது. முதலில் நடப்பு, அப்புறம் எழுத்து, அதற்கும் சம்பந்தப்பட்டவர்களின் ஒப்புதல். விக்கியில் விதி பிறப்பதும் இந்த வரிசையில்தான், யாரும் மேலிருந்து ஆணை போடுவதில்லை.

> வழமை என்றால் 'நார்மல்' இல்லையா? "நிலைமை வழமைக்குத் திரும்பியது" என்று செய்திகளில் வருகிறதே.

வருகிறது. ஆனால் "பக்க" என்று முன்னால் ஒட்டியபின் அந்தக் குழப்பம் வராது என்று நினைக்கிறேன். மரபு என்பதையும் யோசித்தேன், அதில் பழமையின் வாடை கூடுதல். போன மாதம் பேசி முடித்ததை மரபு என்று சொல்லக் கூச்சமாக இருக்கிறது.

சரி, இந்த வழமைகளில் என்னென்ன வரும் என்பதையும் இங்கேயே பேசிவிடுவது நல்லது, ஏனென்றால் ஆங்கில விக்கியின் நடைக் கையேட்டை (எப்படி எழுதுவது என்ற விதித் தொகுப்பு) அப்படியே பெயர்த்துப் போட்டால் போதும் என்று ஒரு மடல் வந்திருக்கிறது. எனக்கு அதில் உடன்பாடே இல்லை. அவர்கள் உட்தலைப்பில் எந்தச் சொல்லுக்குப் பெரிய எழுத்து என்று எழுதிவைத்திருப்பது நமக்குத் தேவையே இல்லை. நூல் பெயரையும் திரைப்படப் பெயரையும் அவர்கள் சாய்வெழுத்தில் இடுகிறார்கள். ரோமன் அச்சில் சாய்வுக்கென்று தனியாக வரைந்த எழுத்துகள் உண்டு, தமிழில் பெரும்பாலான எழுத்துருக்களுக்கு அப்படி ஒன்று கிடையாது, உலாவி நேர் எழுத்தைப் பிடித்துச் சரித்துக் காட்டுகிறது, கைபேசித் திரையில் கொம்பும் காலும் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து கண்ணை உறுத்துகிறது. ஒற்றை மேற்கோள்குறி போதும்.

நமக்கென்று உள்ள சிக்கல்கள் அவர்கள் கையேட்டில் இருக்காது. முதலெழுத்துக்குப் பின் இடைவெளி வேண்டுமா என்பது அப்படி ஒன்று. கட்டுரை 'ம. கோ. இராமச்சந்திரன்' என்று இடைவெளியோடு இருக்கும், இன்னொரு கட்டுரையிலிருந்து ஒருவர் இடைவெளி இல்லாமல் இணைப்புக் கொடுப்பார், ஒரு பெயரிலிருந்து மற்றதுக்குக் கொண்டுபோகும் வழிமாற்று இல்லையென்றால், பக்கமே இல்லை என்பதுபோலச் சிவப்பு இணைப்பாக நிற்கும். கட்டுரையின் ஈற்றுப் பகுதிக்கு மேற்கோள்கள், சான்றுகள், ஆதாரங்கள், உசாத்துணை என்று கையில் வந்த பெயரை எழுதுவது இன்னொன்று. வாசிப்பவருக்கு இதில் பெரிய இழப்பு இல்லை, ஆனால் தானியங்கி (தானாகத் திருத்தம் செய்யும் நிரல்) ஓட்டுபவருக்கு ஒவ்வொரு பெயரையும் தனியாகத் தேடவேண்டியிருக்கிறது.

ஒரே சீராக்கும் ஆசைக்கும் எல்லை வேண்டும். ஆங்கில விக்கியில் தேதியை ஒவ்வொருவரும் விரும்பிய வடிவில் பார்க்கட்டும் என்று தேதிகளுக்கெல்லாம் இணைப்புப் போட்டார்கள். அது கணக்கு வைத்துப் புகுபதிந்தவர்களுக்கு மட்டும்தான் வேலை செய்தது, வெறுமனே படிக்க வந்தவர்களுக்குத் தேவையில்லாத நீல இணைப்புகள்தான் மிஞ்சின. 2008-இல் அதைக் கைவிடப்போய் அந்தச் சண்டை 2009-இல் நடுவர் குழு வரை போனது. பிரித்தானிய எழுத்துக்கூட்டலா அமெரிக்கமா என்பதில் அவர்கள் எடுத்த முடிவு எனக்குப் பிடிக்கும்: கட்டுரையில் எது முதலில் நிலைத்ததோ அதைத் தகுந்த காரணம் இல்லாமல் மாற்றாதே. இலட்சமா மில்லியனா என்பதற்கு நாமும் அப்படியே எழுதலாம், இலங்கைக் கட்டுரையைத் தமிழ்நாட்டு வழக்குக்கும் தமிழ்நாட்டுக் கட்டுரையை இலங்கை வழக்குக்கும் மாற்றி மாற்றித் தொகுப்பது நிற்கும்.

நடைக் கையேடு என்ற பெயர் உரைநடை பற்றிய பக்கத்துக்கு இருக்கட்டும். பக்க வழமைகள் என்று தனிப்பக்கம் தொடங்கி, அதற்குள் ஒரு பகுதியாக வடிவூட்டத்தை வைக்கலாம். மறுப்பு இருந்தால் மாற்றுச்சொல்லோடு எழுதுங்கள், 'நன்றாக இல்லை' என்று மட்டும் எழுதினால் மேற்கொண்டு நகர முடியாது. சாய்வெழுத்து, முதலெழுத்து இடைவெளி, ஈற்றுத் தலைப்புகள் மூன்றையும் முதலில் முடிப்போம். தேதியைக் கடைசிக்குத் தள்ளுங்கள், அதைத் தொட்டால் ஆகஸ்டா ஆகத்தா ஓகஸ்டா என்று, ஸ, ஜ போன்ற கிரந்த எழுத்து வேண்டுமா என்ற சண்டைக்குப் போய்விடும், அப்புறம் மற்ற எதுவும் நடக்காது.