புதுப்பிப்பு: ஓடும்போதே அணைந்துபோன பைக், காரணம் கிடைத்துவிட்டது

காசிமேட்டுச் சாலைத் திருப்பங்களில் என் ஃபியூயல் இன்ஜெக்‌ஷன் பைக்கின் ஹெட்லைட், ஹார்ன், இன்ஜின் மூன்றும் ஒரு நொடி அணைந்து தாமாகவே மீள்வதையும், ஷெட்டில் விட்டால் ஒரு குறையும் தெரியாததையும் சென்ற மாதம் எழுதியிருந்தேன். பேட்டரியை மாற்றும்படி பலர் சொன்னீர்கள். இன்ஜின் ஓடாதபோது 12.7 வோல்ட்டும், ஆக்சிலரேட்டரை முறுக்கியபோது 14.2 வோல்ட்டும் காட்டியதால், பேட்டரியும் அது சார்ஜ் ஆவதும் சரியாக இருக்கின்றன என்று அதை விட்டுவிட்டேன்.

எல்லாம் ஒருசேர அணைவதென்றால் கோளாறு எல்லாவற்றுக்கும் மின்சாரம் போகும் பொதுப்பாதையில்தான் இருக்க வேண்டும். மெயின் ஃபியூஸும், பேட்டரியின் நெகட்டிவ் ஒயரை வண்டியின் உடலோடு இணைக்கும் எர்த் போல்ட்டும் சுத்தமாக இருந்தன. பிறகு வோல்ட் அளக்கும் மல்டிமீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் பாசிட்டிவிலும், மறுமுனையைச் சாவி சுவிட்ச்சிலிருந்து வெளியேறும் ஒயரிலும் வைத்து, ஹெட்லைட்டை எரியவிட்டபடி ஹேண்டில்பாரை மெதுவாகத் திருப்பினேன். நேராக இருக்கையில் 0.2 வோல்ட்டாக இருந்த, வழியில் வீணாகும் மின்னழுத்த இழப்பு, இடப்பக்கம் முழுதும் திரும்பியதும் 3 வோல்ட்டைத் தாண்டியது.

தண்டையார்பேட்டை எலக்ட்ரீஷியன் அண்ணன் ஹேண்டில் கழுத்தருகே அந்த ஒயரைக் கீறிக் காட்டினார். அவர் கீறும்வரை மேலுறையில் ஒரு வெடிப்பும் இல்லை. உள்ளே மூன்று நான்கு செப்பிழைகள் மட்டும் மிஞ்ச, மற்றவை அறுந்து பச்சைப் பொடி பூத்திருந்தன. பாதி வளைவு, பாதி உப்புக்காற்று என்பது அவர் கணிப்பு.

வளையும் இடத்தில் ஈயம் உருக்கி ஒட்டவைத்தால் ஒயர் விறைத்து அதன் ஓரத்திலேயே மறுபடி முறியும் என்பதால், அத்துண்டையே மாற்றி, இணைப்பை டேங்க்கின் அடியில் அசையாத இடத்துக்குக் கொண்டுபோனார். மூன்று வாரமாக ஒருமுறைகூட அணையவில்லை.