இனிப்பு மக்காச்சோளச் சோதனை அட்டவணை: 'டிப் ஃபில்' என்பதற்கு ஒரு தமிழ்ச்சொல் வேண்டும்

ஒட்டன்சத்திரத்திலிருந்து, செவ்வாய் இரவு

கலைச்சொல் குழுவினருக்கு வணக்கம்.

வெள்ளிக்கிழமை மதியம் அச்சகத்துக்குப் போக வேண்டிய எட்டுப் பக்கக் கையேடு ஒன்று என் மேசையில் கிடக்கிறது. ஆறு இனிப்பு மக்காச்சோள ரகங்களை ஒரே வயலில் போட்டு, விளைச்சலையும் தரத்தையும் ஒப்பிட்ட சோதனையின் முடிவு அது. சனிக்கிழமை வயல் விழாவில் விவசாயிகளுக்குக் கொடுக்கப் போகிறார்கள்.

பெரும்பாலான தலைப்புகளை முடித்துவிட்டேன். ஹைபிரிட் என்பதற்கு வீரிய ஒட்டு என்ற பழகிய சொல்லே போதும். ஒரே ரகத்தை நான்கு இடத்தில் போட்டதற்கு மறுசெய்கை. எல்லாரும் ஏற்கெனவே பயிரிடும் ரகத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள் அல்லவா, அதற்கு ஒப்பீட்டு ரகம். அப்புறம் உறையுடன் கதிர் எடை, உறை நீக்கிய கதிர் எடை, மணி வரிசை எண்ணிக்கை. இதிலெல்லாம் சிக்கல் இல்லை.

நான் நிற்கும் இடம் 'டிப் ஃபில்'. கதிரின் நுனிவரை மணி வந்திருக்கிறதா என்பதற்கு 1 முதல் 5 வரை மதிப்பெண் போட்டிருக்கிறார்கள். நேற்று நானும் திடலுக்குப் போயிருந்தேன். ஒரு பாத்தியில் கதிரை ஒடித்து உறையை உரித்தார்கள். அடியிலிருந்து முக்கால் வரை மணிகள் நெருக்கியடித்து நிற்கின்றன. அதற்கு மேல் இரண்டு விரற்கடைக்கு வெறும் கட்டை. அடுத்த பாத்திக் கதிரில் உச்சிவரை மணி, கட்டையே தெரியவில்லை. எடை போட்டால் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் பச்சைக் கதிரை எண்ணி வாங்கும் வியாபாரி, உரித்துப் பார்த்ததும் முதலாவதைக் கழித்துவிடுவார். அதனால் விவசாயி முதலில் படிக்க வேண்டிய பத்தியே இதுதான்.

இப்போதைக்கு 'நுனி நிரப்பு' என்று எழுதி வைத்திருக்கிறேன். படிக்கும்போதெல்லாம் எங்கோ இடிக்கிறது. உதவுங்கள்.

தஞ்சாவூரிலிருந்து, புதன் காலை

அம்மா, உங்கள் காது சரியாகத்தான் சொல்கிறது. இடிப்பது 'ப்பு'.

நிரம்பு என்பது தன்வினை, நிரப்பு பிறவினை. திருந்து, திருத்து போல. அடங்கு, அடக்கு போல. மெல்லினம் வல்லினமாகும்போது செய்பவர் ஒருவர் வெளியிலிருந்து வந்துவிடுகிறார். 'நுனி நிரப்பு' என்றால், யாரையோ பார்த்து நுனியை நிரப்பு என்று ஏவுவதுபோல் ஒலிக்கிறது. மணியை யாரும் கொண்டுவந்து வைப்பதில்லை, கதிர் தானே நிரம்புகிறது. ஆகவே நுனிநிரம்பல்.

நுனி என்பதை முன்னால் வைக்கலாமா என்ற ஐயமும் வேண்டாம். 476ஆம் குறளில் 'நுனிக்கொம்பர் ஏறினார்' என்று வருகிறதே, அங்கே கொம்பின் நுனிதான் பொருள். கடைக்கண் என்றால் கண்ணின் கடை என்பதுபோல முன்பின்னாக மாறி நிற்கும் தொகை. நம் சொல்லில் அந்த மாற்றம்கூடத் தேவையில்லை. நுனிக்கண் நிரம்பல், ஏழாம் வேற்றுமை, நேராகவே நிற்கிறது.

'நுனிநிறைவு' என்று யாராவது சொல்லக்கூடும். நிறை என்றால் எடையும் ஆகும். பக்கத்துப் பத்தியிலேயே கதிர் எடை இருக்கும்போது அது குழப்பும். வேண்டாம்.

உடுமலையிலிருந்து, புதன் காலை

ஐயா, இலக்கணம் சரியாக இருக்கும். ஆனால் எங்கள் பக்கம் குடம் நிரம்பும், குளம் நிரம்பும். கதிரில் மணி பிடிக்கும். "நுனி வரைக்கும் மணி பிடிச்சிருக்கு" என்றுதான் எல்லாரும் சொல்வோம். அப்படியே மணிப்பிடிப்பு என்று போட்டால் படிக்கத் தெரிந்த எவருக்கும் விளங்கும்.

போன பருவத்தில் எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். கதிரின் நுனியில் நூல்நூலாகப் பட்டு வெளியே வந்த வாரத்தில் மோட்டார் பழுதாகி ஒரு தண்ணீர் தப்பிவிட்டது. அனலும் அடித்தது. செடி ஆளுயரம், கதிர் நல்ல நீளம், வெளியிலிருந்து பார்த்தால் குறையே தெரியாது. உரித்த பிறகுதான் தெரிந்தது, பாதிக்கு மேல் நுனி வெறிச்சோடிக் கிடந்தது. வண்டி வரை வந்த வியாபாரி எண்ணிக்கையில் மூன்றில் ஒரு பங்கைக் கழித்துவிட்டுத்தான் ஏற்றினார். அன்றைக்கு அவர் வாயில் வந்ததும் 'டிப் ஃபில்'தான். அந்தச் சொல்லும் எங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். அதையும் பக்கத்தில் போட்டுவிட்டால் பாதகமில்லை.

சென்னையிலிருந்து, புதன் மதியம்

பாதகம் உண்டு, நண்பரே. பக்கத்தில் போடும் ஆங்கிலச் சொல்தான் ஐந்து வருடத்தில் நடுவில் வந்து உட்கார்ந்துகொள்கிறது. 'பட்டு' என்று நீங்கள் எவ்வளவு இயல்பாக எழுதினீர்கள்! 'சில்க்' என்று எழுதவில்லையே. அந்தத் துணிவு நுனிக்கும் வேண்டும்.

இன்னொன்றையும் பேசியாக வேண்டும். அட்டையில் 'மக்காச்சோளம்' என்று வருகிறதே, அந்த மக்கா எது? மெக்கா நகர் வழியாக வந்த சோளம் என்கிறார்கள் சிலர். இந்தியில் மக்கா, மகாய். அங்கிருந்து நாம் அப்படியே எடுத்துக்கொண்டோமா? தானியத்தின் ஊரோ மெக்சிகோ. சுமார் 9,000 ஆண்டுகளுக்கு முன் தியோசின்ட்டே என்ற காட்டுப் புல்லிலிருந்து அங்கே உழவர்கள் உருவாக்கியது. போகாத ஊரின் பெயரை ஒரு பயிர் ஏன் சுமக்க வேண்டும்? மணிச்சோளம், கதிர்ச்சோளம், முத்துச்சோளம் என்று எத்தனையோ வைத்திருக்கலாம்.

யாழ்ப்பாணத்திலிருந்து, புதன் மாலை

எங்களிடம் அது சோளன். மக்கா இல்லை. உங்கள் ஊரில் சோளம் என்று சொல்லும் பழைய தானியம் எங்களுக்கு இறுங்கு. ஆகவே 'சோளன் கதிர்' என்றால் இங்கே ஒருவருக்கும் ஐயம் வராது. கையேடு ஒட்டன்சத்திரத்துக்கு என்றால் அங்குள்ள பெயரே இருக்கட்டும்.

பெயரில் ஊர் மாறுவது தமிழில் மட்டும் நடந்ததும் அல்ல. இத்தாலியர் இதைத் துருக்கித் தானியம் என்றார்கள். அரபியில் ஷாம் (சிரியா) நாட்டுச் சோளம் என்ற பெயர் உண்டு. புதிதாக வந்த தானியத்துக்கு, தெரிந்த தானியத்தின் பெயரோடு ஏதோ ஒரு தூரத்து ஊரைச் சேர்த்தார்கள். 'துருக்கி' ஒட்டிக்கொண்டதுபோல 'மக்கா'வும் ஒட்டியிருக்கலாம்.

தஞ்சாவூரிலிருந்து, புதன் இரவு

சென்னைத் தம்பிக்கு: 'கடிசொல் இல்லைக் காலத்துப் படினே' என்று தொல்காப்பியம் சொல்வதை நீங்கள் அறிவீர்கள்; காலத்தில் வழக்குக்கு வந்துவிட்ட சொல்லை விலக்க வேண்டியதில்லை என்பது பொருள். மக்காச்சோளம் காலத்தில் பட்டுவிட்டது. அதை விட்டுவிடுங்கள். 'டிப் ஃபில்' இன்னும் படவில்லை. தடுக்க முடிந்த இடத்தில் தடுப்போம்.

திண்டிவனத்திலிருந்து, புதன் இரவு

அக்காவுக்கு வணக்கம். எல்லாரும் நிறைந்ததற்குச் சொல் தேடுகிறீர்கள். விவசாயியின் கண்ணுக்குப் படுவது நிறையாததுதானே? நாங்கள் கடலை போடும் ஊர். உள்ளே பருப்பு இல்லாத காய்க்குப் பொக்கு என்று பெயர். பொக்கு குறையத்தான் மண் அணைக்கும்போது ஹெக்டேருக்கு 400 கிலோ ஜிப்சம் போடச் சொல்கிறார்கள். பல் போன வாய்க்குப் பொக்கை வாய் என்கிறோம். மக்காச்சோளக் கதிரை உரித்துப் பாருங்கள், மணிகள் அப்படியே பல்வரிசை. நுனியில் மணி இல்லாவிட்டால் அது நுனிப்பொக்கை, அல்லது நுனிப்பொக்கு. ஒரு தடவை கேட்டால் மறக்காது. என் நான்காம் வகுப்புப் பிள்ளைகளிடம் இன்றைக்குச் சொல்லிப் பார்த்தேன், விளக்கமே கேட்கவில்லை.

கோவையிலிருந்து, வியாழன் காலை

பயிர்ப் பெருக்கத்தில் முப்பது ஆண்டுகள் இருந்தவன் என்ற முறையில் ஒரு விளக்கம். சொல்லைப் பிடிக்குமுன் பொருளைப் பிடித்துக்கொள்வோம்.

ஒவ்வொரு மணிக்கும் ஒரு பட்டிழை. கதிரின் அடிப்பகுதி இழைகள் முதலில் வெளியே வருகின்றன, நுனி இழைகள் கடைசியில். அவை வருவதற்குள் மேலே ஆண்பூவில் மகரந்தம் தீர்ந்துவிட்டால் நுனியில் கருவே தரிக்காது. அங்கே வெறும் கட்டைதான். இது ஒரு வகை. மகரந்தம் சேர்ந்து, கருவும் தரித்து, அதற்குப் பிறகு தண்ணீரோ தழைச்சத்தோ போதாமல் செடி நுனிப் பிஞ்சுகளைக் கைவிடுவது இரண்டாவது வகை. அப்போது நுனியில் குன்றிமணி அளவுகூட இல்லாத சூம்பிய மணிகள் இருக்கும். உடுமலைக்காரர் கதிரில் எது நடந்தது என்பது நுனியை உற்றுப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்.

பொக்கு அழகான சொல். ஆனால் அது உருவாகி உள்ளீடற்றுப் போனதைச் சொல்கிறது, அதாவது இரண்டாம் வகையை. முதல் வகைக்குப் பொருந்தாது. மணிப்பிடிப்பு முதல் வகையைச் சொல்கிறது, காய் பிடிப்பதுபோல. தஞ்சாவூர் ஐயாவின் நிரம்பல், பிடித்த மணி பெருப்பதைச் சொல்கிறது. அட்டவணையோ இரண்டையும் சேர்த்து ஒரே மதிப்பெண்ணில் அடக்குகிறது.

இன்னொன்று, சொல் சம்பந்தப்பட்டதல்ல, ஆனால் கேட்காமல் இருக்க முடியவில்லை. ஆறு ரகமும் ஒரே மரபணு வகையா? பழைய இனிப்புச் சோளம் எஸ்.யு. என்ற மரபணு கொண்ட வகை. 1950களின் தொடக்கத்தில் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் ஜான் லாஃப்னன், சுருங்கிப்போன விதை தரும் எஸ்.எச்.2 மரபணுவின் தித்திப்பைக் கண்டறிந்த பிறகு வந்தவை மிகையினிப்பு வகைகள். இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் பூத்து மகரந்தம் கலந்தால், அந்த மணிகள் சாதாரண மக்காச்சோளம்போல மாவாகிவிடும். தந்தை மகரந்தத்தின் குணம் அதே பருவத்தில் மணியிலேயே தெரியும் பயிர் இது. அப்படிக் கலந்த கதிரைக் கடித்துப் பார்த்து 'இந்த ரகம் தித்திக்கவில்லை' என்று மதிப்பெண் போட்டிருந்தால் அந்த ரகத்துக்கு அநியாயம்.

மணிச்சாற்றில் கரைந்திருப்பதைக் கருவியால் அளக்கும் பிரிக்ஸ் எண்ணை 'இனிப்பு அளவு' என்று மொழிபெயர்த்திருந்தால் அதையும் மாற்றுங்கள். எஸ்.யு. வகையில் நீரில் கரையும் மாவுப்பொருள் ஒன்று நிறைய இருக்கிறது, பாலேடுபோல் வழவழப்பது அதனால்தான். அதுவும் கருவியில் எண்ணாகக் காட்டும். தித்திப்புக் குறைந்த கதிர் அதிக எண் வாங்கிவிடும். 'கரைந்த திடப்பொருள்' என்பதே நேர்மையான தலைப்பு.

உடுமலையிலிருந்து, வியாழன் காலை

ஐயா சொன்ன இரண்டு வகையும் புரிந்தது. ஆனால் ஒன்று சொல்கிறேன். பிஞ்சு பிடிப்பதும் பிடிப்புதான், நெல்லில் பால் பிடிப்பதும் பிடிப்புதான். பால் பிடிப்பது நீங்கள் சொல்லும் பெருக்கும் பருவம் அல்லவா? ஆகவே எங்கள் 'பிடிப்பு' இரண்டு கட்டத்தையும் தாங்கும்.

கோவையிலிருந்து, வியாழன் மதியம்

ஒப்புக்கொள்கிறேன். பால் பிடித்தலை நான் யோசிக்கவில்லை.

ஒட்டன்சத்திரத்திலிருந்து, வியாழன் மாலை

கோவை ஐயாவுக்கு: திடல் பொறுப்பாளரிடம் கேட்டுவிட்டேன். ஐந்து ரகம் மிகையினிப்பு, ஒப்பீட்டு ரகம் மட்டும் பழைய எஸ்.யு. வகை. சுவைக்கும் பிரிக்ஸுக்கும் எடுத்த கதிர்களைப் பட்டு வருமுன்பே காகிதப் பையால் மூடி, அந்தந்த ரகத்தின் மகரந்தத்தையே கையால் தூவியிருக்கிறார்கள். விளைச்சலுக்கு மட்டும் திறந்த கதிர்கள், அதுவும் ஓர வரிசைகளை விட்டு நடு வரிசைகளில். இந்தச் செய்தி மூலத்தில் ஒரு மூலையில் இருந்தது. உங்கள் மடலுக்குப் பிறகு அட்டவணைக்கு மேலேயே ஏற்றிவிட்டேன். 'இனிப்பு அளவு' என்றுதான் போட்டிருந்தேன், அதையும் மாற்றிவிட்டேன். நன்றி.

அறுவடைப் பருவத்தை 'பட்டு வந்த 20 நாள் சுமாருக்கு, பால் பருவத்தில்' என்று எழுதியிருக்கிறேன். நகத்தால் மணியைக் கீறினால் பால் தெறிக்க வேண்டும். தண்ணீராக வந்தால் பொறுங்கள், மாவாக வந்தால் தாமதித்துவிட்டீர்கள் என்று ஒரு வரியும் சேர்த்தேன்.

இனிச் சொல்லுக்கு வருகிறேன். தனிமடலில் வந்தவற்றையும் சேர்த்து, மணிப்பிடிப்புக்கு ஆறு பேர், நுனிநிரம்பலுக்கு மூன்று பேர், பொக்குக்கு நான்கு பேர். பத்தித் தலைப்பு 'நுனி மணிப்பிடிப்பு'. கீழே குறிப்பில்: "5 - நுனிவரை மணி, 1 - நுனிப்பொக்கு மிகுதி." இரண்டு வகை வெறுமைக்கும் கோவை ஐயாவின் விளக்கத்தைச் சுருக்கி ஒரு கட்டத்தில் போடுகிறேன். 'டிப் ஃபில்' கையேட்டில் ஓர் இடத்திலும் இல்லை. உடுமலை அண்ணா மன்னிக்க வேண்டும், இதில் நான் சென்னை நண்பர் பக்கம்.

கோவையிலிருந்து, வியாழன் இரவு

குறிப்பில் 'நுனிப்பொக்கு' என்பதற்குப் பதில் 'நுனி வெறுமை' என்று போட்டால் இரண்டு வகையும் அடங்கும். இரவு முழுக்க நேரம் இருக்கிறது, யோசியுங்கள்.

திண்டிவனத்திலிருந்து, வியாழன் இரவு

வேண்டாம் அக்கா. வெறுமை என்பது கவிதைக்குப் போய்விடும். பொக்கு வயலிலேயே நிற்கும்.

தஞ்சாவூரிலிருந்து, வெள்ளி காலை

பொக்கு நிற்கட்டும், அதில் எனக்கு மகிழ்ச்சியே. தலைப்பில்தான் உடன்பாடு இல்லை. நுனி மணிப்பிடிப்பு என்பது மூன்று சொல்; கலைச்சொல்லாக நிற்காது, ஒரு விளக்கமாகத்தான் நிற்கும். நாளைக்கு 'நுனி மணிப்பிடிப்புக் குறைபாடு', 'நுனி மணிப்பிடிப்பு விகிதம்' என்று அதன்மேல் கட்ட வேண்டி வந்தால் நாக்கு திணறும். நுனிநிரம்பல் என்றால் தாங்கும். என் சொற்பட்டியலில் நுனிநிரம்பல் என்றே பதிந்து, எதிரே உங்கள் சொல்லையும் எழுதி வைக்கிறேன்.

அச்சுக்குப் போகுமுன் ஒன்றை மட்டும் கவனியுங்கள் அம்மா. மணிப்பிடிப்பில் ப் இருக்கட்டும். அதை எடுத்துவிட்டு 'நுனி மணி பிடிப்பு' என்று பிரித்துவிட்டால், நுனி மணியை யாரோ கையால் பிடிப்பதாக ஆகிவிடும்.

ஒட்டன்சத்திரத்திலிருந்து, வெள்ளி மதியம்

ப் இருக்கிறது ஐயா, இரண்டு முறை பார்த்துவிட்டேன். கோப்பு போய்விட்டது.

அடுத்த கையேட்டில் மணியின் மேல்தோல் மென்மைக்கு ஒரு பத்தி வருகிறது. கடித்தால் பல்லிடுக்கில் சிக்கும் அந்தத் தோல்தான். மணித்தோலா, உமியா? உமி என்றால் உடுமலையில் என்ன நினைப்பார்கள் அண்ணா?