சொந்தத் தளம் கட்டும்போது எங்கே உடைகிறது, ஏன்? உங்கள் அனுபவத்தைப் பகிருங்கள்

தனக்கென ஒரு தளம் கட்ட உட்காரும் டெவலப்பருக்கு ஃபிரேம்வொர்க் தேர்விலேயே பாதி ஆர்வம் போய்விடுகிறது. ஹ்யூகோ, அஸ்ட்ரோ போன்ற தளம் கட்டும் கருவிகளில் எதை எடுத்தாலும், கடைசியில் வெளியே வருவது எச்டிஎம்எல் கோப்புகள்தான். தளம் படுப்பது டொமைன், டிஎன்எஸ் (டொமைன் பெயரை சர்வர் முகவரியோடு இணைக்கும் அமைப்பு), பாதை, படம், எழுத்துரு போன்ற இடங்களில். நீங்கள் எதிர்கொண்ட பிழை, அதன் காரணம், தீர்வு மூன்றையும் எழுதுங்கள். கருவிச் சண்டை வேண்டாம்.

—

டிஎன்எஸ்ஸிலிருந்து தொடங்குகிறேன். கிட்ஹப்பின் இலவசத் தள ஹோஸ்டிங்கான கிட்ஹப் பேஜஸில் சொந்த டொமைனை இணைக்க, வெறும் டொமைனுக்கு 4 ஏ ரெக்கார்டுகள் (பெயரை ஐபி முகவரிக்குக் காட்டும் பதிவுகள்) வேண்டும்: 185.199.108.153, பிறகு 108 இருக்கும் இடத்தில் 109, 110, 111. டபிள்யூ டபிள்யூ டபிள்யூ சேர்ந்த முகவரிக்கு சிநேம் ரெக்கார்டு (ஒரு பெயரை இன்னொரு பெயருக்குத் திருப்பும் பதிவு) போதும். வெறும் டொமைனுக்கு சிநேம் செல்லாது. சிநேம் இருக்கும் பெயரில் வேறு ரெக்கார்டு இருக்கக் கூடாது என்பது விதி; வெறும் டொமைனிலோ அதன் டிஎன்எஸ் சர்வர்களைக் குறிக்கும் என்எஸ், நிர்வாக விவரம் தரும் எஸ்ஓஏ ரெக்கார்டுகள் கட்டாயம் இருக்கும்.

எல்லாம் சரியாக இருந்தும் எச்டிடிபிஎஸ் சான்றிதழ் வரவில்லையா? எந்த நிறுவனம் சான்றிதழ் தரலாம் என்று சொல்லும் சிஏஏ ரெக்கார்டைப் பாருங்கள். பழைய ஹோஸ்டிங்குக்காக அதில் வேறு நிறுவனத்தை மட்டும் அனுமதித்திருந்தால், இலவசச் சான்றிதழ் நிறுவனமான லெட்ஸ் என்கிரிப்ட் சான்றிதழ் தராது. டாட் டெவ் டொமைன் வைத்திருப்பவர்களுக்கு இது இன்னும் சிக்கல். அந்த டொமைன் வகை முழுவதும் பிரௌசர்களின் எச்எஸ்டிஎஸ் (எச்டிடிபிஎஸ்ஸில் மட்டும் திற) பட்டியலில் இருப்பதால், சான்றிதழ் வரும்வரை தளம் திறக்கவே திறக்காது.

ஹோஸ்டிங் மாற்றப் போகிறீர்கள் என்றால் முந்தின நாளே டிடிஎல்லை (ரெக்கார்டை மற்றவர்கள் நினைவில் வைத்திருக்கும் நேரம்) 300 நொடிக்கு இறக்கிவிடுங்கள். 86400 என்று கிடந்தால் சிலருக்கு ஒரு நாள் முழுக்கப் பழைய சர்வர்தான் வரும்.

—

மேலே எழுதிய நண்பர் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். தளத்தை அழித்த பிறகும் அதன் சப்டொமைன் ரெக்கார்டை அப்படியே விட்டுவைக்காதீர்கள். அதே ஹோஸ்டிங் சேவையில் வேறொருவர் அந்தப் பெயரைப் பதிந்துகொண்டால், உங்கள் முகவரியில் அவருடைய பக்கம் ஓடும். டொமைனிலிருந்து மின்னஞ்சலே அனுப்பப் போவதில்லை என்றாலும் எஸ்பிஎஃப்பில் (யார் அஞ்சல் அனுப்பலாம் என்ற பட்டியல்) ‘யாருக்கும் அனுமதி இல்லை’, டிமார்க்கில் (சரிபார்ப்பில் தோற்ற அஞ்சலை என்ன செய்வது என்ற விதி) ‘நிராகரி’ என இரண்டு டெக்ஸ்ட் ரெக்கார்டுகள் போடுங்கள். உங்கள் பெயரில் போலி அஞ்சல் போவதற்கு அது நல்ல தடை. ரிஜிஸ்ட்ரார் (டொமைன் வாங்கிய நிறுவனம்) கணக்கின் மின்னஞ்சல் அதே டொமைனில் இருக்கவே கூடாது. டொமைன் காலாவதியானால் நினைவூட்டலும் உங்களுக்கு வந்து சேராது.

—

நம் கணினியில் அழகாக ஓடுகிறது, ஏற்றியதும் வடிவமே இல்லாமல் வெறும் எழுத்தாக நிற்கிறது. இதற்கு நான் முதலில் பார்ப்பது பேஸ் பாதையை, அதாவது தளம் எந்த முகவரிக்குக் கீழே தொடங்குகிறது என்பதை. கிட்ஹப்பில் ப்ராஜெக்ட் ரெப்போவாக (குறிநிரல் களஞ்சியமாக) ஏற்றினால் தளம் ரெப்போ பெயருக்குக் கீழே உட்காரும். சாய்கோட்டில் தொடங்கும் சிஎஸ்எஸ் (வடிவக் கோப்பு) பாதையோ டொமைனின் வேரில் போய்த் தேடி 404, அதாவது ‘கிடைக்கவில்லை’ பிழை வாங்கும். பில்ட் (தளக் கோப்புகளை உருவாக்கும் படி) அமைப்பில் பேஸ் மதிப்பாக ரெப்போ பெயரைக் கொடுத்தால் சரியாகும். பிறகு சொந்த டொமைன் இணைத்ததும் அதை மறக்காமல் எடுத்துவிட வேண்டும்.

அடுத்தது கோப்புப் பெயர். விண்டோஸும் மேக்கும் வழக்கமான அமைப்பில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து வேறுபாடு பார்ப்பதில்லை. லினக்ஸ் சர்வர் பார்க்கும். கேமராவிலிருந்து வரும் படத்தின் நீட்சி பெரிய எழுத்தில் இருக்கும், குறிநிரலில் சின்ன எழுத்தில் அடித்திருப்போம். படம் காணாமல் போகும்.

சரிசெய்து ஏற்றிய பிறகும் பழையதே தெரிந்தால் உடனே எதையும் கலைக்க வேண்டாம். கிட்ஹப் பேஜஸ் பிரௌசரை 600 நொடி கேஷ் (சேமித்த நகல்) வைக்கச் சொல்கிறது. 10 நிமிடம் பொறுங்கள்.

—

தமிழில் எழுதும் தளமென்றால் எழுத்துருவுக்குத் தனியாக நேரம் ஒதுக்குங்கள், அது வீண் போகாது. எழுத்துருக் கோப்பைச் சுருக்கும்போது ஜிசப் அட்டவணை (எழுத்தும் குறியும் சேர்ந்து எந்த வடிவம் பெறும் என்று சொல்வது) போய்விட்டால் ‘கு’, ‘டி’, ‘மூ’ எல்லாம் உடையும். ககரம் தனியாக, உகரக் குறி தனியாக நிற்கும். சுருக்கிய பிறகு உகர, ஊகார வரிசை முழுவதையும் ஒரு சோதனைப் பக்கத்தில் அச்சிட்டுப் பார்த்துவிடுங்கள்.

தடித்த எழுத்துக்கான கோப்பைத் தராவிட்டால் பிரௌசர் தானே எழுத்தைத் தடிக்க வைக்கும். ‘ண’, ‘ஞ’ சுழிகள் அடைத்துக்கொண்டு மைக்கறை போல ஆகிவிடும். ஆங்கில வார்ப்புருக்கள் தலைப்புக்கு வரி உயரம் 1 அல்லது 1.1 தருவதுண்டு. தமிழில் மேல் வரியின் ‘து’, ‘கூ’ வால்கள் கீழ் வரியின் புள்ளியில் இடிக்கும். பத்திக்கு 1.7, தலைப்புக்கு 1.4 வைத்துப் பாருங்கள்.

—

தமிழ்ப் பெயரிலேயே பக்க முகவரி வைப்பது பற்றி இங்கே யாரும் சொல்லவில்லையே. ஒவ்வொரு தமிழ்க் குறியும் யூடிஎஃப்-8இல் 3 பைட். முகவரியில் அது 9 எழுத்தாக விரியும். ‘தமிழ்’ என்ற சொல்லில் 5 குறிகள், ஆக நகலெடுத்து ஒட்டினால் 45 எழுத்து. அரட்டைச் செயலிகளில் நீளமான இணைப்பு உடைந்துபோக இதுவும் ஒரு காரணம். இன்னொன்று கண்ணுக்கே தெரியாதது: ‘கொ’வின் ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் அடிக்கலாம், ஒற்றைக் கொம்பும் காலுமாக இரண்டு குறியீடுகளாகவும் அடிக்கலாம். திரையில் ஒன்றுபோலவே இருக்கும், சர்வருக்கு இரண்டும் வேறு. பில்டின்போது கோப்புப் பெயர், இணைப்பு இரண்டையும் என்எஃப்சி (யூனிகோடின் ஒரே சீரான, சேர்த்தெழுதும் வடிவம்) வடிவத்துக்கு மாற்றுங்கள்.

—

படங்கள் பற்றி இரண்டு வரி. ஒவ்வொரு படத்துக்கும் அகலம், உயரம் குறிப்பிடுங்கள். இல்லாவிட்டால் படம் வந்து சேரும்போது படித்துக்கொண்டிருந்த வரி கீழே தள்ளப்படும். திறந்தவுடன் தெரியும் முதல் படத்துக்கு லேசி லோடிங் (தேவைப்படும்போது மட்டும் ஏற்றுவது) வேண்டாம். கைபேசியில் எடுத்த படமென்றால் எக்ஸிஃப் தகவலை (படத்துக்குள் பதியும் கேமரா, இட விவரங்கள்) கட்டாயம் நீக்குங்கள், வீட்டின் ஆயத்தொலைவுகள் அதில் பதிந்திருக்கக்கூடும்.

—

பில்ட் அமைப்பின் சூழல் மாறிகளில் (குறிநிரலுக்கு வெளியே வைக்கும் அமைப்பு மதிப்புகள்) ஏபிஐ சாவியை (வெளிச் சேவையைப் பயன்படுத்தும் ரகசியக் குறியீடு) வைத்தால் மறைந்திருக்கும் என்று நம்ப வேண்டாம். ‘வீட்’ என்ற பில்ட் கருவியில், அதே பெயரை முன்னொட்டாகக் கொண்ட மாறியை முன்புறக் குறிநிரல் பயன்படுத்தினால், அதன் மதிப்பு ஜாவாஸ்கிரிப்ட் கோப்பிலேயே எழுதப்பட்டுவிடும். டெவலப்பர் டூல்ஸைத் திறக்கும் எவரும் படிக்கலாம். ரெப்போவில் ஏறிவிட்ட சாவியும் அப்படித்தான். கோப்பை அழித்தாலும் கிட் வரலாற்றில் அது இருக்கும். முதல் வேலையாகச் சாவியை ரத்து செய்து புதிது எடுங்கள், வரலாற்றைச் சுத்தம் செய்வது அதற்குப் பிறகு.