[சொல்லாய்வு] மூங்கில் டாய்லெட் பேப்பர்: வியாழனுக்குள் மூன்று சொற்கள் தேவை

செ., மெல்பேர்ன்

அனைவருக்கும் வணக்கம்.

இங்கே ஒரு சிறு நிறுவனம் மூங்கிலில் செய்த டாய்லெட் பேப்பர் விற்கிறது. மூங்கில் சீனாவின் சிச்சுவான் மாகாணத்தில் வளர்ந்தது. மூன்று அடுக்கு, வெளுக்காத பழுப்பு நிறம், பிளாஸ்டிக் இல்லாத உறை. பெட்டிக்குள் வைக்கும் துண்டறிக்கையைப் பல மொழிகளில் அச்சிடுகிறார்கள். தமிழ் என் பொறுப்பு, வியாழன் மாலை அச்சகத்துக்குப் போயாக வேண்டும்.

மூன்று இடங்களில் தடுக்கி நிற்கிறேன்: பொருளின் பெயர், சஸ்டைனபிள், ஃபேர் டிரேட். இப்போதைக்கு "நியாய வணிக வளங்குன்றா மூங்கில் கழிப்பறைத் தாள்" என்று எழுதி வைத்திருக்கிறேன். வாய்விட்டுப் படித்தால் மூச்சு வாங்குகிறது. படிக்கப்போகிறவர்களில் ஈழத்து வீடுகள்தான் அதிகம். மற்றவர்கள் தமிழ்நாடு, சிங்கப்பூர், மலேசியா. செய்முறை பற்றியும் ஒரு பத்தி இருக்கிறது. அதில் கூழ் என்ற சொல்லைத் தவிர வேறெதுவும் கைக்கு வரவில்லை.

அன்புடன்,
செ.

ஈரோட்டிலிருந்து கா.

தம்பி, காகித ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் என்பதால் செய்முறைப் பத்தியை மட்டும் முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

ஆலைக்குள் எல்லாரும் சிப்ஸ், டைஜஸ்டர், பல்ப், பிளாக் லிக்கர் என்றுதான் சொல்வோம். எழுதும்போது சில்லு, வேகுகலன், கூழ், கருஞ்சாறு என்று எழுதலாம். மூங்கில் சில்லுகளைக் காஸ்டிக் சோடாவும் சோடியம் சல்பைடும் கலந்த கரைசலில் 160 டிகிரிக்கு மேல் ஆவியில் வேகவைப்பார்கள். நாரைப் பிடித்து வைத்திருக்கும் லிக்னின் கரைந்து கருஞ்சாறாக வடிந்துவிடும். மரத்தைவிட மூங்கிலில் சிலிக்கா அதிகம். கருஞ்சாற்றைச் சுண்டவைக்கும்போது அது குழாய்ச் சுவரில் பாறை மாதிரி படியும், அதைச் சுரண்டுவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். மூங்கில் என்றாலே சுற்றுச்சூழலுக்குத் தொல்லையில்லை என்று எழுதிவிடாதீர்கள். அந்தக் கருஞ்சாற்றை எரித்து ரசாயனத்தை மீட்கிற ஆலையா, ஆற்றில் விடுகிற ஆலையா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

அடுத்தது கிரேப்பிங். ஈரத்தாள் ஆவியில் சூடான பெரிய உருளையின் மேல் ஒட்டிக் காய்ந்து வரும். அதை ஒரு தட்டைக் கத்தி விளிம்பில் வழித்து எடுக்கும். வழிக்கிற அந்தக் கணத்தில் தாள் நுண்ணிய மடிப்பு மடிப்பாகச் சுருங்குகிறது. மென்மை, உறிஞ்சும் தன்மை இரண்டும் அதனால்தான் வருகின்றன. இதற்குக் கொசுவம் என்று நான் முன்மொழிகிறேன். புடவைக் கொசுவம் தெரியாத வீடு கிடையாது. கொசுவிய தாள், கொசுவுக் கத்தி என்று மேற்கொண்டும் வளரும்.

கா.

தஞ்சாவூரிலிருந்து புலவர் வே.

அன்பர் செ. அவர்களுக்கு,

தாள் என்ற சொல்லை விடாதீர்கள். நெல்லின் தாள், வைக்கோல் தாள் என்கிறோம். புல்லின் தண்டுக்குப் பெயரே தாள். புறத்தே வயிரம் உடையது புல், அகத்தே வயிரம் உடையது மரம் என்று தொல்காப்பிய மரபியல் பகுத்திருக்கிறது. மூங்கில் புறக்காழ், அதாவது வெளிப்புறம் கெட்டியானது, ஆகவே புல். புல்லின் தாளிலிருந்து எழுதுதாள், துடைதாள் எல்லாம் வருவதில் சொல்லும் பொருளும் ஒன்றாகிவிடுகின்றன. காகிதம் பாரசீகம் வழியாக வந்த சொல், அதற்கு இந்தப் பேறு இல்லை.

மூங்கிலுக்கு வேய், வெதிர், கழை, அமை, பணை, முளை என்று எத்தனை பெயர்! பறம்பு மலையில் உழவர் உழாமலே விளைபவை நான்கு என்ற கபிலர், முதலில் சொன்னது வெதிரின் நெல்லை. எனவே வேய்ந்தாள். வேய்ங்குழல் போல மெல்லெழுத்து மிகுந்தது. வல்லெழுத்து வேண்டுவோர் வேய்த்தாள் என்றும் எழுதலாம், இலக்கணம் இரண்டுக்கும் இடம் தருகிறது.

இன்னொன்றும் உண்டு: கழித்தாள். கழி என்றால் மூங்கிற்கோல். கழித்தல் என்றால் நீக்குதல். மூலப்பொருளும் பயனும் ஐந்தெழுத்துக்குள் அடங்கிவிட்டன. இதைவிடச் சுருக்கமாக எந்த மொழியில் முடியும்?

சிட்னியிலிருந்து யோ.

புலவர் ஐயாவுக்கு வணக்கம். உங்கட இலக்கணத்தில் எனக்கு மரியாதை உண்டு, ஆனால் வேய்ந்தாள் என்று பெட்டியில் பார்த்தால் யாரோ ஒரு பெண் கூரை வேய்ந்தாள் என்றுதான் எடுப்பேன். கழித்தாள் என்பது அதைவிட மோசம். துடைத்தாள் என்று யாரும் சொல்ல வருவதற்கு முன்னமே சொல்லிவிடுகிறேன், அதுவும் வேண்டாம். வினையடியோடு தாள் சேர்ந்தால் தமிழில் அது ஒரு பெண்ணின் செயலாகிவிடுகிறது. மலசலகூடப் பொருளில் அது அச்சாவதை நான் விரும்பவில்லை.

எங்களுக்கு இது கடதாசி. பள்ளிக்கூடப் புத்தகத்திலும் கடதாசி, கடையிலும் கடதாசி. மலசலகூடக் கடதாசி என்றால் யாழ்ப்பாணத்து அம்மம்மா ஒருவருக்கும் விளங்கும். சஸ்டைனபிளுக்கு எங்கட பாடநூல்களில் நிலைபேறான என்பது எப்போதோ நிலைத்துவிட்டது. இருக்கிற சொல்லை விட்டுப் புதிது தேடுவது ஏன்?

தம்பி செ., நான் சொல்வதைக் குறை நினைக்க வேண்டாம். முதியவர்களுக்குக் கடையில் நின்று வாசிக்க ஏலுமோ என்பதை வைத்து முடிவெடுங்கோ.

செ., மெல்பேர்ன்

> மலசலகூடக் கடதாசி என்றால் யாழ்ப்பாணத்து அம்மம்மா ஒருவருக்கும் விளங்கும்.

உண்மைதான் அக்கா. ஆனால் மதுரைக்காரர் கடதாசி என்றால் கடிதம் என்று எடுத்துக்கொள்வார். கழிப்பறை என்றால் இரு பக்கமும் புரியும். சண்டை இரண்டாம் பாதியில்தான்.

சிங்கப்பூரிலிருந்து ம.

ஏடு என்று யாரும் தொடங்குவதற்கு முன் ஒரு சொல். தொல்காப்பியம் புல்லின் உறுப்புகளில் ஏட்டையும் இதழையும் சேர்த்துச் சொல்கிறது என்பது தெரியும். ஆனாலும் ஏடு வேண்டாம். காகிதத்தில் கால் பட்டால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறவர்கள் நாம். சீனத்திலும் 6-ஆம் நூற்றாண்டிலேயே யென் ஜிதுய் என்ற அறிஞர், சான்றோர் சொற்கள் எழுதிய தாளைக் கழிப்பறைக்குப் பயன்படுத்தத் துணியமாட்டேன் என்று எழுதியிருக்கிறார். அதாவது, எழுதாத தாளை அப்போதே அங்கே அதற்குப் பயன்படுத்தி வந்திருக்கிறார்கள்.

கோவையிலிருந்து த.

வணக்கம். பெயரைப் பற்றி எது முடிவானாலும் எனக்குச் சரி. மூன்றாவது சொல்லைப் பற்றித்தான் எனக்குக் கவலை, அதை யாரும் இன்னும் தொடவில்லை.

"நியாய வணிகம்" தமிழ்நாட்டில் தவறான இடத்துக்குக் கொண்டுபோய் விடும். நம் ஊரில் நியாய விலை என்றால் ரேஷன் கடை. வாங்குகிறவருக்கு மலிவு என்று பொருள். ஃபேர் டிரேடில் நியாயம் கிடைக்க வேண்டியது விளைவிக்கிறவருக்கு. அந்தப் பெட்டி மலிவாகவும் இருக்காது. திசையே தலைகீழாகிறது.

மூங்கில் விஷயத்தில் இந்தத் திசை சாதாரணமானதல்ல. 1925-இல் வெள்ளை அரசு மூங்கில் காகிதத் தொழிலைப் பாதுகாக்கத் தனிச் சட்டமே போட்டது. பாதுகாப்பு ஆலைக்கு. வெட்டியவனுக்கு அதில் ஒன்றுமில்லை. 1927 வனச்சட்டம் மூங்கிலை மரம் என்று வரையறுத்தது. புலவர் ஐயா சொன்ன புறக்காழ் விதி டேராடூன் வன அதிகாரிகளுக்குத் தெரியவில்லை. மரம் என்று சொன்னதால் பழங்குடி மக்கள் வெட்டினால் குற்றம். அதே காலத்தில் ஆலைகளுக்கு அடிமாட்டு விலை. 1950-களின் இறுதியில் கர்நாடகத்தில் காகித ஆலைக்கு டன் ஒன்றரை ரூபாய்க்கு மூங்கில் போனதைச் சூழலியலாளர் மாதவ் காட்கில் பதிவு செய்திருக்கிறார். 2006 வன உரிமைச் சட்டம் மூங்கிலைச் சிறுவன மகசூல் என்று ஏற்றது. அதன் பிறகும் போராடித்தான் 2011-இல் மகாராஷ்டிரத்தின் கட்சிரோலி மாவட்டத்தில் மெண்டா லேகா கிராம சபை தன் மூங்கிலைத் தானே விற்கும் அனுமதிச் சீட்டைக் கையில் வாங்கியது. காட்டுக்கு வெளியே வளரும் மூங்கில் 2017 திருத்தத்தில்தான் மரம் என்ற கட்டிலிருந்து விடுபட்டது.

ஒரு சொல்லில் யாருக்கு நியாயம் என்பது தெரிய வேண்டும். உரியவிலை வணிகம் என்பது என் முன்மொழிவு.

அப்புறம் செ., ஒரு கேள்வி. பெட்டியில் இருப்பது எந்த முத்திரை? எஃப்.எஸ்.சி. (ஃபாரஸ்ட் ஸ்டூவர்ட்ஷிப் கவுன்சில்) என்றால் அது காட்டுப் பராமரிப்பைப் பற்றியது, வெட்டியவருக்கு என்ன விலை கிடைத்தது என்பதற்கு அது உறுதி தராது. ஃபேர்டிரேட் அமைப்பின் முத்திரைக்குப் பின்னால் குறைந்தபட்ச விலை, அதற்கு மேல் சமூக நலத்தொகை என்ற ஏற்பாடு உண்டு. இரண்டும் ஒன்றல்ல. முத்திரை இல்லாமலே சொல்லை மட்டும் எழுதியிருந்தால், அதைத் தமிழாக்குவதற்கு முன் கேட்டுவிடுங்கள்.

தஞ்சாவூரிலிருந்து புலவர் வே.

கோவை அன்பரின் கடிதம் நெஞ்சைத் தொட்டது. ஆனால் உரியவிலை வணிகம் என்பது விளக்கமே அன்றிச் சொல்லாகவில்லை. காவிரிப்பூம்பட்டினத்து வணிகர் கொள்ளும்போது மிகுதியாகக் கொள்ளார், கொடுக்கும்போது குறைத்துக் கொடார் என்று பட்டினப்பாலை பேசுகிறது. அவர்களை நடுவுநின்ற நன்னெஞ்சினோர் என்கிறது. வள்ளுவரும் வாணிகத்தை நடுவு நிலைமையில்தான் வைத்தார். நடுவு வணிகம் இருக்கும்போது வடசொல் நியாயம் எதற்கு?

சென்னையிலிருந்து ப.

நடுவு வணிகம் என்றால் இடைத்தரகு என்று புரிந்துகொள்ளும் ஆபத்து இருக்கிறது ஐயா. ஃபேர் டிரேட் யாரைக் குறைக்கப் பார்க்கிறதோ அவரையே பெயரில் வைத்ததாகிவிடும்.

சஸ்டைனபிளுக்கு வளங்குன்றா, நிலைபேறான, நீடித்த, பேண்தகு என்று நான்கு இருக்கின்றன. நான்கில் எதுவும் துண்டறிக்கையில் ஒரு செய்தியும் சொல்லாது. என்ன நடக்கிறதோ அதை எழுதினால் போதாதா? முதிர்ந்த கழியை மட்டும் வெட்டுகிறார்கள், கிழங்கிலிருந்து அடுத்தது முளைக்கிறது, மறுபடி நடுவதில்லை.

ஈரோட்டிலிருந்து கா.

ப. சொல்வதற்குச் சொல் எங்கள் வயலிலேயே இருக்கிறது. வெட்டிய கட்டையிலிருந்து மறுபடி தழைக்கும் கரும்பு, மறுதாம்பு. "மறுதாம்பாக வளரும் மூங்கில்" என்று போடுங்கள். கரும்பும் புல், மூங்கிலும் புல்.

தாளா காகிதமா என்பதற்கு: கரும்புச் சக்கையில் காகிதம் செய்யும் ஆலைக்காகக் கரூர்ப் பக்கம் உருவான ஊருக்குக் காகிதபுரம் என்று பெயர் வைத்தார்கள். ஊர்ப்பெயரே ஆன சொல்லை இனி அயல்சொல் என்று தள்ள முடியாது.

சிட்னியிலிருந்து யோ.

மறுதாம்பு எனக்கு விளங்கவில்லை. "வெட்ட வெட்டத் தழைக்கும்" என்றால் விளங்கும்.

செ., மெல்பேர்ன்

அனைவருக்கும் நன்றி. பிற்பகலில் அனுப்பிவிட்டேன். முன்பக்கம் "மூங்கில் கழிப்பறைக் காகிதம்". கீழே "வெட்ட வெட்டத் தழைக்கும் மூங்கிலில் செய்தது". தாள் வேண்டும் என்றவர்களைவிடக் காகிதத்துக்குத் தலையசைத்தவர்கள் ஒன்றிரண்டு பேர் அதிகம், அவ்வளவுதான்.

ஃபேர் டிரேட் பற்றி த. சொன்னபடி நிறுவனத்திடம் கேட்டேன். தொழிற்சாலைக் கூலிக்குத் தணிக்கை அறிக்கை வைத்திருக்கிறார்கள். மூங்கில் வெட்டும் குடும்பங்களுக்குக் கிடைக்கும் விலை பற்றி அவர்களிடம் எழுத்தில் எதுவும் இல்லை. ஆங்கிலத்தில் அந்தச் சொல் அப்படியே இருக்கிறது. தமிழில் "தொழிற்சாலைக் கூலி தணிக்கை செய்யப்பட்டது" என்று மட்டும் எழுதினேன், அவர்கள் ஒப்புக்கொண்டார்கள்.

கோவையிலிருந்து த.

அது போதும். குழுமச் சொற்பட்டியலில் ஃபேர் டிரேடுக்கு எதிரே இப்போதைக்கு வெறுமையாக விடுங்கள். நியாய வணிகம் என்று யாரும் நிரப்பிவிட வேண்டாம்.

தஞ்சாவூரிலிருந்து புலவர் வே.

பெரும்பான்மைக்குத் தலைவணங்குகிறேன். ஆயினும் கழித்தாள் என்பதை மாற்றுச் சொல்லாகப் பட்டியலில் பதிவு செய்ய வேண்டுகிறேன். எழுதும்போது கழி-தாள் என்று இடைக்கோடு இட்டால் சகோதரி யோ. அவர்களின் தடை நீங்கும்.

சிட்னியிலிருந்து யோ.

இடைக்கோடு இட்டாலும் வாசிக்கும்போது கேட்காதே ஐயா. என் மறுப்பையும் பக்கத்தில் பதியுங்கோ.

ஈரோட்டிலிருந்து கா.

கொசுவத்துக்கு யாரும் மறுப்புச் சொல்லவில்லை. அதை ஏற்றுக்கொண்டதாக எடுத்துக்கொள்ளலாமா?