உடன் தங்கிப் பராமரிப்பவர்களே, சாப்பாட்டு விஷயத்தில் உங்களை இன்னும் உறுத்தும் சம்பவம் எது?

இரவுவிளக்கு:
பாட்டியின் தலையணை உறையைக் கழற்றும்போது கையில் ஏதோ பிசுபிசுத்தது. நாலு நாளைக்கு முன்னால் நான் கொடுத்த கோழித்துண்டு, டிஷ்யூவில் சுற்றியபடி. மறதி நோய் உள்ளவர்களோடு இருப்பவர்களுக்கு இது தெரிந்த கதைதான். ஆனால் அவர் அதை என் கையிலிருந்து வாங்கி நேராக வாய்க்குக் கொண்டுபோனார். "நாளைக்குன்னு வச்சிருக்கேன்" என்றார். பிடுங்க மனசு வரவில்லை. பிஸ்கட்டை நீட்டினேன், இதை விட்டுவிட்டு அதை வாங்கிக்கொண்டார். இப்போதெல்லாம் தட்டு காலியானாலும் அவர் மடியையும் பார்த்துவிட்டுத்தான் எழுந்திருக்கிறேன்.

சின்னக்கரண்டி:
எனக்குச் சோறு. ராத்திரி மிஞ்சியது அடுப்பு மேலேயே இருந்துவிட்டது. காலையில் ஆவி பறக்கச் சூடாக்கி ஐயாவுக்குக் கொடுத்தேன். மூன்று மணி நேரத்தில் வாந்தி. பேசினைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன், அந்த நிலையிலும் "உனக்கு வேலை வச்சிட்டேனேம்மா" என்கிறார். அது இன்னும் காதில் கேட்கிறது.

நெடுநாள்பணி:
சின்னக்கரண்டி, சோற்றின் மேல் பழி போடாதீர்கள். ஆவி வரச் சூடாக்கினால் எந்தக் கிருமியும் நிற்காது. நானே மறுநாள் சோறு சாப்பிடுகிறவள்தான். ஐயாவுக்கு மாத்திரை ஒத்துக்கொள்ளாமல் போயிருக்கும்.

சின்னக்கரண்டி:
அக்கா, நானும் அப்படி நம்பித்தான் கொடுத்தேன். டாக்டர் சொன்னது வேறு. பேசில்லஸ் சீரியஸ் என்ற கிருமியின் வித்துகள் வேகவைத்தாலும் சாகாதாம். சோறு வெளியிலேயே கிடந்தால் அவை முளைத்துப் பெருகி நஞ்சு விடும். அப்புறம் எவ்வளவு சூடாக்கினாலும் வாந்தி வரவைக்கும் அந்த நஞ்சு அழியாது. உங்கள் வயிறும் எண்பது வயதுக்காரர் வயிறும் ஒன்றில்லையே. ஐயா அமிலத்தைக் குறைக்கும் மாத்திரை வேறு சாப்பிடுகிறார், கிருமியைத் தடுக்கும் அமிலமே அவருக்குக் குறைவு. இப்போது சோறு வடித்து இரண்டு மணி நேரத்துக்குள் அகலமான பாத்திரத்தில் பரப்பி ஆறவிட்டு ஃபிரிட்ஜில் வைத்துவிடுகிறேன். ஃபிரிட்ஜுக்குள் ஒரு தெர்மாமீட்டரும் போட்டேன். 9 டிகிரி காட்டியது! 5-க்குள் இருக்க வேண்டும். கதவு ரப்பர் கிழிந்திருந்ததை யாரும் கவனிக்கவே இல்லை.

மூடியகதவு:
நீங்கள் எல்லாம் அவர்கள் தட்டைப் பற்றிச் சொல்கிறீர்கள். என் விஷயத்தில் ஆபத்தே நான்தான். ராத்திரி இரண்டு மணிக்கு எனக்கு வாந்தி, பேதி. மாற்று ஆள் இல்லை. என்னை இந்த வேலைக்கு அனுப்பிய ஏஜென்சிக்குப் போன் செய்தால், "கையில் சானிடைசர் போட்டுக்கொண்டு சமைத்துவிடுங்கள்" என்றார்கள். எளிதில் தொற்றி வாந்தி, பேதி வரவைக்கும் நோரோவைரஸாக இருந்தால் சானிடைசரை நம்ப முடியாது, சோப்பும் தண்ணீரும்தான். வாந்தி, பேதி நின்ற பிறகும் 48 மணி நேரம் அடுத்தவர் சாப்பாட்டைத் தொடக் கூடாது. அதைச் சொன்னதும் போனை வைத்துவிட்டார்கள். பக்கத்து வீட்டம்மா வந்து சூப் ஊட்டினார். நான் என் அறைக் கதவுக்குப் பின்னால் நிற்கிறேன், நான் பார்த்துக்கொள்ளும் அம்மா "அவள் கோபமா இருக்காளா?" என்று கேட்கிறார். பதில் சொல்ல வாயெடுத்தேன், மறுபடியும் குமட்டியது.

நெடுநாள்பணி:
மூடியகதவு, நீங்கள் செய்தது சரி. இனி எந்த வீட்டில் சேர்ந்தாலும் முதல் நாளே, "எனக்கு முடியாவிட்டால் சமைப்பது யார்?" என்று கேட்டு எழுதி வாங்கிவிடுங்கள். கழிப்பறைக்கு ஒரு துணி, அடுப்படிக்கு ஒரு துணி, நிறம் வேறாக இருக்கட்டும். பச்சைக் கோழியைக் குழாயில் கழுவாதீர்கள், தெறிக்கிற தண்ணீரோடு கிருமியும் தெறிக்கும். அதை ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் மூடி வையுங்கள்.

சின்னக்கரண்டி, உங்கள் ஐயாவின் மாத்திரையைக் குறை சொன்னது என் தப்பு. எங்கள் வீட்டு ஃபிரிட்ஜுக்கும் தெர்மாமீட்டர் வாங்கி வைத்தேன். 8 காட்டுகிறது.