சமீபத்தில் படித்ததில் உங்களை விடாமல் பிடித்துக்கொண்ட ஒரே ஒரு இடம்

தறிச்சத்தம்:
முழு விமர்சனம் வேண்டாம், கதைச்சுருக்கம் வேண்டவே வேண்டாம். ஒரே ஒரு இடம் போதும். நானே தொடங்குகிறேன், உ.வே.சா.வின் ‘என் சரித்திரம்’. எல்லோரும் சேலம் இராமசாமி முதலியார் சீவக சிந்தாமணி படித்திருக்கிறீர்களா என்று கேட்கும் இடத்தைத்தான் சொல்வார்கள். என்னைப் பிடித்தது அது இல்லை. உ.வே.சா.வின் ஆசிரியர் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை எண்ணெய் தேய்த்துக்கொள்ளப் பலகையில் வந்து உட்காருவார், எண்ணெய் வராது. மனுஷர் காத்துக்கொண்டே இருப்பார். சாமிநாதையர் உள்ளே போய்ப் பார்த்துவிட்டு, கையிலிருந்த காசில் ஓடிப்போய் வாங்கிவந்து சமையல்காரனிடம் கொடுப்பார். தலபுராணம் தலபுராணமாகப் பாடித் தள்ளிய ஆளுக்குத் தலைக்கு வைக்க எண்ணெய் இல்லை. அதற்கு மேல் அன்றைக்குப் படிக்க முடியவில்லை.

மலைப்பாதை:
எரியும் பனிக்காடு, பி.எச். டேனியல் எழுதியது, தமிழில் இரா. முருகவேள். இதை வைத்து எடுத்த பரதேசி படம் பார்த்தாயிற்று, அப்புறம் எதற்குப் படிக்க வேண்டும் என்பவர்கள் தயவுசெய்து படியுங்கள். ஆள் பிடிக்க வந்த மேஸ்திரி பேச்சை நம்பித் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து ஆனைமலைக்கு ஏறும் கருப்பனும் வள்ளியும் ஊருக்குப் போகிற நாளைத்தான் எண்ணிக்கொண்டிருப்பார்கள். கணக்கு முடிக்கும் நாள் வரும். முன்பணம் பிடித்தது, அது பிடித்தது, இது பிடித்தது என்று போய்க் கடைசியில் இவர்கள்தான் தோட்டத்துக்குக் கடன்காரர்கள். அட்டைக்கடியும் மலேரியாவும்கூட என்னை இவ்வளவு உலுக்கவில்லை. இப்போது வால்பாறைக்கு டூர் போய் டீத்தோட்டத்தில் செல்ஃபி எடுப்பவர்களைப் பார்த்தால் எரிச்சலாக வருகிறது. நானும் எடுத்தவன்தான், அது வேறு.

பெட்டியடி:
மலைப்பாதை, நாவலை வரலாற்று ஆவணம் மாதிரிப் பேசுகிறீர்கள். கதை நடப்பது 1920களில், டேனியல் டாக்டராகத் தோட்டத்துக்குப் போனதே 1940களில். அவர் கண்ணால் பார்த்ததில்லை, பழைய தொழிலாளிகள் சொல்லக் கேட்டது. நல்ல நாவல், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் ‘என் சரித்திரம்’ மாதிரி அனுபவித்தவரே எழுதியதோடு ஒரே தட்டில் வைக்காதீர்கள்.

என் பங்குக்கு: ப. சிங்காரத்தின் ‘கடலுக்கு அப்பால்’. எல்லோரும் ‘புயலிலே ஒரு தோணி’யையே தூக்கிவைத்துக்கொண்டு ஆடுகிறார்கள், இது சின்ன நாவல் என்று ஓரங்கட்டிவிட்டார்கள். பினாங்கில் வட்டிக்கடை நடத்தும் வானாயீனா, செல்லையாவுக்குப் பெண் தரமாட்டேன் என்று நிற்கும் இடம். பையன் கெட்டவன் என்பதால் இல்லை. நேதாஜி படைக்குப் போய்வந்தவன், இனி பெட்டியடிக்கு, அதாவது கடைக் கணக்குப் பெட்டிக்கு, அடங்கி உட்கார்ந்து கணக்கெழுத மாட்டான் என்கிற கணக்கு. யுத்தத்தில் மகனைப் பறிகொடுத்த மனிதர், அதனால் அவரை முழுசாக வெறுக்கவும் முடியவில்லை. அதுதான் தொல்லை.

மலைப்பாதை:
@பெட்டியடி, கேட்டு எழுதினால் பொய்யாகிவிடுமா? அந்தத் தொழிலாளிகளில் எத்தனை பேர் உட்கார்ந்து சுயசரிதை எழுதியிருக்க முடியும்? எழுதத் தெரிந்தவர் மட்டும்தான் சாட்சி என்றால் கருப்பனுக்குச் சாட்சியே கிடையாது. அப்புறம், உங்கள் சிங்காரமும் நாவல்தானே எழுதினார்?

ஓய்வூதியர்:
‘என் சரித்திரம்’ பற்றி ஒரு வார்த்தை. போன மாதம்தான் மறுபடி முடித்தேன். திடீரென்று நின்றுபோகிறதே, அந்தக் கடைசிப் பக்கம் ஒரு மாதிரி இருந்தது. புதிதாகப் படிப்பவர்கள் கவனிக்க: இது ஆனந்த விகடனில் 1940 முதல் தொடராக வந்தது, 1942 ஏப்ரலில் ஐயர் காலமானதும் அப்படியே நின்றது, புத்தகமானது 1950இல். அதனால் ஒரே மூச்சில் படிக்காதீர்கள், வாரம் இரண்டு மூன்று அத்தியாயம் போதும். உத்தமதானபுரம், முன்னோர் பெருமை என்று தொடக்கம் மெதுவாகத்தான் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள். பக்கத்தில் தஞ்சை ஜில்லா வரைபடம் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள், மாயூரம், திருவாவடுதுறை, பட்டீசுவரம் என்று அவர் நடந்த தூரம் அப்போதுதான் உறைக்கும். பாட்டுகளைத் தாண்டிப் போகாதீர்கள். பிள்ளையவர்கள் சரித்திரத்தை ஐயர் தனியாக இரண்டு பாகம் எழுதியிருக்கிறார், அதையும் சேர்த்துப் படிக்கலாம். காசு செலவழிக்க வேண்டாம் என்றால் இணையத்தில் மதுரைத் திட்டத்தில் இலவசமாகவே இருக்கிறது. ஆனால் மொபைலில் படித்துக் கண்ணைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள், காலையில் படித்தால் நல்லது.

கரிசல்காரி:
ஐயா, கண்ணைப் பற்றி யார் கேட்டார்கள் :)

இமையத்தின் ‘கோவேறு கழுதைகள்’. 1994இல் வந்த புத்தகம், நான் இப்போதுதான் படித்தேன். ஆரோக்கியம் ராத்திரி ராத்திரி காலனியில் வீடு வீடாகப் போய் ராச்சோறு வாங்கும் இடங்கள். பகலெல்லாம் அவர்கள் துணியை வெளுத்துப்போட்டவள், அந்தக் கூலிதான் இந்தச் சோறு, ஆனாலும் பிச்சை கேட்கிற குரலில்தான் கேட்க வேண்டும். சிலர் கொஞ்சம் குழம்பு ஊற்றுவார்கள், சிலர் ஏசுவார்கள். காலனிக்காரர்களே ஊரில் மிதிபடுகிறவர்கள், அவர்களுக்கும் கீழே ஒருத்தி. இந்த நாவல் தலித்துகளைத் தலித்துகளே ஒடுக்குவதாகக் காட்டுகிறது என்று அந்தக் காலத்தில் பெரிய சண்டையே நடந்திருக்கிறது. சண்டை போட்டவர்கள் பக்கமும் நியாயம் இருக்கலாம், ஆனால் ஆரோக்கியத்தை இல்லாத ஆள் என்று மட்டும் என்னால் சொல்ல முடியாது. பெட்டியடி, இதுவும் நாவல்தான், பார்த்துக்கொள்ளுங்கள்.

பெட்டியடி:
சரி, இரண்டு பேரும் சேர்ந்து அடிக்கிறீர்கள். சிங்காரம் பல வருஷம் அங்கே இருந்தவர், இந்தோனேசியாவில் மேடான் கடையில் வேலை பார்த்தவர், அந்த வித்தியாசத்தை நான் விடமாட்டேன். கோவேறு கழுதைகள் வாங்குகிறேன்.

தறிச்சத்தம்:
சண்டையை அப்புறம் தொடருங்கள். ‘கடலுக்கு அப்பால்’ எந்தப் பதிப்பில் எழுத்துப்பிழை குறைவு? நான் கையில் எடுத்ததில் பக்கத்துக்குப் பக்கம் ஒற்று காணவில்லை.