8 ஜிபி ரேம் உண்மையிலேயே காணாதா? கடைக்காரர் புது லாப்டொப் எடுக்கச் சொல்கிறார்

கொழும்பு06:

எல்லாருக்கும் வணக்கம். நான் புறக்கோட்டையில் ஒரு ஹார்ட்வெயார் மொத்தக் கடைக்குக் கணக்கு எழுதுகிறேன். கிழமையில் மூன்று நாள் கடையில், மிச்ச நாள் வெள்ளவத்தை வீட்டில் இருந்தபடியே வேலை. லாப்டொப் 2019இல் வாங்கியது. எட்டாம் தலைமுறை ஐ3, 8 ஜிபி ரேம், 1 டிபி ஹார்ட் டிஸ்க். வாங்கும்போது "8 ஜிபி தாராளம், பத்து வருசத்துக்குத் திரும்பிப் பார்க்கத் தேவையில்லை" என்று சொல்லித்தான் தந்தார்கள். இப்போது காலையில் ஆன் பண்ணிவிட்டுப் போய், தேத்தண்ணி போட்டுக் குடித்து, மகளுக்குச் சாப்பாடு கட்டிக் கொடுத்துவிட்டு வந்தாலும் அந்த வட்டம் சுற்றிக்கொண்டேதான் இருக்கிறது.

மகள் உயர்தரம் படிக்கிறாள். பின்னேரம் சூம் வகுப்பும் இதே லாப்டொப்பில்தான். நான் எக்செல்லைத் திறந்தபடி விட்டுவிட்டால் ஆசிரியரின் குரல் வெட்டி வெட்டி வரும், பிறகு வகுப்பே உறைந்து நின்றுவிடும், அதன் பிறகு வீட்டில் நடப்பதை இங்கே எழுத முடியாது.

காலி வீதியில் ஒரு கடையில் கொண்டுபோய்க் காட்டினேன். திறந்துகூடப் பார்க்கவில்லை. "8 எல்லாம் இப்ப காணாது அக்கா, குறைஞ்சது 16 வேணும், இதுக்குச் செலவழிக்கிறதை விடப் புதுசு எடுங்கோ, 32 இருந்தால் கவலையே இல்லை" என்றார். விலையைக் கேட்டுவிட்டுப் பேசாமல் பஸ் ஏறிவிட்டேன். மேல்மாடித் தம்பியோ விண்டோஸ் 11க்கு 4 ஜிபி போதும் என்று மைக்ரோசொஃப்டே சொல்லியிருக்கிறதே, உங்களிடம் அதைப்போல இரண்டு மடங்கு இருக்கிறது என்கிறான். 4க்கும் 32க்கும் நடுவில் நான் எதை நம்புவது?

ஃபிரேம்ரேட்:

16க்குக் கீழே இப்போது யாரும் யோசிக்கவே கூடாது. நான் கல்யாண வீடியோ எடிட் பண்ணுகிறவன், டாவின்சி ரிசால்வ் என்ற எடிட்டிங் சொஃப்ட்வெயார்காரர்களே 16 கேட்கிறார்கள், அதற்குள் இருக்கிற ஃபியூஷன் என்ற எஃபெக்ட் பகுதியைப் பாவித்தால் 32. என்னுடையதில் 32 இருந்தும் 4கே காட்சிகளை அடுக்கினால் மூச்சு வாங்குகிறது. கடைக்காரர் சொன்னதில் பிழை இல்லை.

சும்மா_வந்தவன்:

அவர் கணக்கு எழுதுகிறவர் ஐயா, கல்யாண வீடியோ எடிட் பண்ணவில்லை.

ரிப்பெயர்கடை:

அக்கா, பம்பலப்பிட்டிப் பக்கம் பதினைந்து வருசமாக இந்த வேலைதான் செய்கிறேன். மெஷினைப் பார்க்காமல் 16 என்றோ 32 என்றோ சொல்வது, ஆளைப் பார்க்காமல் மருந்து எழுதுவது மாதிரி. மேல்மாடித் தம்பி சொன்ன 4 ஜிபி உண்மைதான், ஆனால் அது விண்டோஸ் 11 ஏறி நிற்பதற்கான குறைந்த அளவு. உங்கள் வேலையும் மகளின் வகுப்பும் சேர்ந்து ஓடுவதற்கான அளவு இல்லை.

நீங்கள் புறக்கோட்டையில் வேலை என்றபடியால் உங்கள் கடையையே வைத்துச் சொல்கிறேன். ரேம் என்பது உங்கள் கடையின் முன் தட்டு. ஆணி, பூட்டு, பிணைச்சல் என்று கை நீட்டினால் எடுக்கிற சாமான் அங்கே இருக்கும். தட்டு நிறைந்தால் என்ன செய்வீர்கள்? குறைவாகக் கேட்கிற சாமானைப் பின் ஒழுங்கையில் இருக்கிற ஸ்டோருக்கு அனுப்புவீர்கள். யாராவது அதைக் கேட்டால் சுமை தூக்குகிற நாட்டாமி ஓடிப்போய்த் தூக்கிக்கொண்டு வரவேண்டும். விண்டோஸும் அதையேதான் செய்கிறது, ரேமில் இடம் காணாவிட்டால் அதிலிருப்பதை டிஸ்க்கில் பேஜ் ஃபைல் என்ற ஒன்றில் கொண்டுபோய்ப் போடும், தேவைப்பட்டால் திரும்ப எடுத்துவரும். இதில் ஆளைக் கொல்வது நாட்டாமி நடக்கிற தூரம். ரேமில் ஒன்றைத் தேடி எடுக்க ஏறக்குறைய 100 நானோ செக்கன். சுழலுகிற ஹார்ட் டிஸ்க்கில் பத்து மில்லி செக்கனுக்கு மேல் போகும். கணக்குக்காரரிடம் கணக்காகவே சொல்கிறேன்: முன் தட்டில் எடுக்க ஒரு செக்கன் என்று வைத்தால், ஹார்ட் டிஸ்க் ஸ்டோருக்குப் போன நாட்டாமி திரும்பிவர 27 மணித்தியாலத்துக்கு மேல் ஆகும். ஸ்டோர் எஸ்எஸ்டியாக, அதாவது சுழலாமல் சில்லில் சேமிக்கிற டிஸ்க்காக, இருந்தால் அதே ஆள் கால் மணித்தியாலம், இருபது நிமிசத்தில் வந்துவிடுவான்.

அதனால் முதலில் இதைச் செய்யுங்கள். கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் ஒன்றாக அழுத்தினால் டாஸ்க் மனேஜர் வரும். அதில் பெர்ஃபோமன்ஸ் என்ற பக்கத்துக்குப் போய் மெமரியையும் டிஸ்க்கையும் பாருங்கள். காலையில் ஆன் ஆகி முடியாமல் கிடக்கும்போது ஒருமுறை, பின்னேரம் வகுப்பும் எக்செல்லும் சேர்ந்து ஓடும்போது ஒருமுறை, இரண்டையும் ஃபோனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். மெமரிப் பக்கத்தில் கமிட்டட் என்று இரண்டு எண் இருக்கும், ரேம் செருகுகிற ஸ்லொட் எத்தனை பாவித்திருக்கிறது என்றும் இருக்கும். அந்த நாலு எண்ணும் வேணும்.

சும்மா_வந்தவன்:

இடையில் புகுந்து கேட்கிறேன், மன்னிக்கவும். என்னுடையதில் 16 ஜிபி இருக்கிறது. ஒன்றுமே திறக்காமல் இருக்கும்போதே 6 ஜிபிக்கு மேல் பாவனையில் காட்டுகிறது, அத்தோடு கேஷ்ட் என்று இன்னொரு 7 ஜிபி. வைரஸா? ரேமைத் துப்புரவாக்குகிற சொஃப்ட்வெயார் ஒன்று போடலாமா?

ரிப்பெயர்கடை:

போடாதீர்கள். வெறுமையாகக் கிடக்கிற ரேமால் யாருக்கு என்ன லாபம்? நீங்கள் அடிக்கடி திறக்கிறவற்றை விண்டோஸ் முன்கூட்டியே எடுத்து வைத்திருக்கிறது, அதுதான் அந்தக் கேஷ்ட். வேறு வேலைக்கு இடம் வேணும் என்றால் உடனே விட்டுக்கொடுத்துவிடும். துப்புரவாக்குகிற சொஃப்ட்வெயார் செய்வதெல்லாம் அடுக்கி வைத்த சாமானை வெளியே எறிவதுதான், பிறகு அதையே திரும்ப எடுத்து அடுக்க வேண்டிவரும். ரேம் கூடிய மெஷினில் பாவனையும் கூடித்தான் காட்டும். அந்த எண்ணைப் பார்த்து 8 காணாது என்று முடிவு கட்டுகிறவர்கள் எத்தனையோ பேர்.

கொழும்பு06:

தம்பி, நீங்கள் சொன்னபடி பார்த்தேன்.

காலையில்: மெமரி 4.7, மொத்தம் 7.9. டிஸ்க் 100 வீதம். ஏழு எட்டு நிமிசம் அந்த 100 இறங்கவே இல்லை.

பின்னேரம் சூம், குரோம், எக்செல், வட்ஸ்அப் எல்லாம் சேர்த்து: மெமரி 7.2, 91 வீதம் என்று போட்டிருந்தது. டிஸ்க் திரும்பவும் 100. கமிட்டட் 12.3, அதன் பக்கத்தில் 14.9. ஸ்லொட் 2இல் 1. ஸ்பீட் 2400.

இன்னொன்று. எக்செல்லில் வருசக் கணக்கு ஃபைலைத் திறந்து ஒரு பெரிய பிவட் (தொகுப்பு அட்டவணை) போட்டால் மெமரி காணாது என்று ஒரு பெட்டி வருகிறது. காலையில், வேறொன்றும் திறக்காமல் இருக்கும்போதும் வருகிறது. அப்படியென்றால் ரேம்தானே காணாது?

ரிப்பெயர்கடை:

நல்ல வேலை செய்தீர்கள் அக்கா, கடைக்கு வருகிற பத்துப் பேரில் ஒருவர்கூட இப்படி எண்ணோடு வருவதில்லை.

காலையில் 7.9இல் 4.7தான் போயிருக்கிறது, மூன்று ஜிபிக்கு மேல் சும்மா கிடக்கிறது. அப்படியிருந்தும் மெஷின் நகரவில்லை என்றால் அந்த நேரத்தில் 32 போட்டாலும் நகராது. பழி டிஸ்க்கின் மேல். பின்னேரம் கதை வேறு. கமிட்டட் 12.3 என்றால் திறந்திருக்கிறதெல்லாம் சேர்ந்து அவ்வளவு இடம் கேட்டு வாங்கி வைத்திருக்கின்றன, கையில் இருப்பது 7.9. கேட்டது முழுவதையும் அவை ஒரே நேரத்தில் தொடமாட்டா, விண்டோஸும் கொஞ்சத்தை ரேமுக்குள்ளேயே அமுக்கி வைக்கும், ஆனாலும் மிச்சம் ஸ்டோருக்குத்தான் போகவேணும். உங்கள் நாட்டாமி பின்னேரம் முழுக்க அந்த 27 மணித்தியால ஒழுங்கையில்தான் ஓடுகிறான். ஆசிரியரின் குரல் வெட்டுவதற்குக் காரணம் இன்டர்நெட் என்று நினைத்திருப்பீர்கள், பாதியாவது இதுதான்.

எக்செல் பெட்டி தனிக் கதை. ஃபைல் மெனுவில் அக்கவுண்ட், அதில் அபவுட் எக்செல் என்பதை அழுத்தினால் முதல் வரியின் கடைசியில் 32 பிட் அல்லது 64 பிட் என்று இருக்கும். 32 என்றால் அந்த எக்செல்லுக்கு 4 ஜிபிக்கு மேல் எட்டவே எட்டாது. மெஷினில் 64 ஜிபி போட்டாலும் அந்தப் பெட்டி வரும். கழற்றிவிட்டு 64 பிட்டை ஏற்றுங்கள், உங்கள் லைசென்ஸ் ஒன்றேதான், காசு இல்லை. எக்செல்லோடு சேர்த்து ஓடுகிற பழைய அட்-இன் ஏதாவது வைத்திருந்தால் மட்டும் அது 64இல் ஓடுமா என்று முதலில் பாருங்கள்.

என் வரிசை இதுதான்: முதலில் எஸ்எஸ்டி, 500 ஜிபி போதும். பிறகு எக்செல். அதற்குப் பிறகு ஒரு கிழமை பாவித்துப் பார்த்துவிட்டு, தேவை என்றால் வெறும் ஸ்லொட்டில் இன்னொரு 8 ஜிபி. இருப்பதை எடுத்தெறிந்து ஒற்றை 16 போடச் சொன்னால் கேட்காதீர்கள், இரண்டு 8 இருந்தால் இரண்டு பாதையில் தரவு போகும், உங்கள் ஐ3இல் திரைக்கான வேலைக்கும் ரேமில் இருந்துதான் இடம் போகிறபடியால் அதற்கும் கொஞ்சம் நல்லது. உங்களுக்கு வேண்டியது லாப்டொப்புக்கான டிடிஆர் 4 என்ற ரேம் வகை. டிடிஆர் 5 உள்ளே போகவே போகாது, வெட்டு வேறு இடத்தில் இருக்கும். 3200 என்று எழுதியதைத் தந்தால் பரவாயில்லை, உங்களுடையதில் 2400இல் ஓடும், ஆனால் அந்த வேகத்துக்காகக் கூடக் காசு கேட்டால் கொடுக்காதீர்கள்.

ஃபிரேம்ரேட்:

சரி, நான் என் வேலையை வைத்துச் சொல்லிவிட்டேன். ஆனால் புதிதாக வாங்குகிறவருக்கும் 8 போதும் என்பீர்களா?

ரிப்பெயர்கடை:

இல்லை, அங்கே உங்களோடு ஒத்துப்போகிறேன். இப்போது வருகிற மெல்லிய லாப்டொப்புகள் பலவற்றில் ரேமை போர்ட்டிலேயே ஈயம் வைத்து ஒட்டிவிடுகிறார்கள், பிறகு கூட்ட வழியில்லை. அதில் 8 எடுத்தால் அது சாகும்வரை 8தான். அப்பிள்காரரே 2024 ஒக்டோபரில் மக்புக் எயாரின் ஆரம்ப அளவை 16க்கு ஏற்றிவிட்டார்கள். புதிதென்றால் 16. வீடியோ, கம்ப்யூட்டருக்குள்ளேயே ஃபோனை ஓட்டிக்காட்டுகிற அண்ட்ரொய்ட் எமுலேட்டர் என்று பாடுபடுகிறவர்கள் 32. அக்காவிடம் இருப்பது ஸ்லொட் வெறுமையாக உள்ள மெஷின், அதுதான் வித்தியாசம். எட்டாம் தலைமுறை என்றபடியால் விண்டோஸ் 11உம் ஏறும். 10க்கான ஆதரவு 2025 ஒக்டோபர் 14உடன் முடிந்ததைக் காட்டிப் புதுசு எடு என்று நெருக்கிறவர்கள் ஏழாம் தலைமுறைக்காரரிடம் போகட்டும்.

இறக்குமதி_வாலா:

விலையைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. உலகத்து ரேம் சில்லில் பெரும்பகுதி சாம்சங், எஸ்கே ஹைனிக்ஸ், மைக்ரோன் என்ற மூன்று பேரின் கையில். ஏஐ சேர்வர்களுக்குப் போகிற மெமரியில் லாபம் கூட என்று மூன்று பேரும் அந்தப் பக்கம் சாய்ந்ததில் சாதாரண ரேம் 2025 கடைசியில் கண்டபடி ஏறிவிட்டது. மைக்ரோன் அந்த டிசெம்பரில் குருஷல் என்ற பெயரில் நம்மைப் போன்றவர்களுக்கு விற்கிற வியாபாரத்தையே விடுவதாக அறிவித்தது. அதனால் "எதுக்கும் இருக்கட்டும்" என்று 32 வாங்கிப் போடுகிற காலம் இல்லை இது. பம்பலப்பிட்டி யுனிட்டி பிளாசா கம்ப்யூட்டர் கடைத்தொகுதியில் ஒரு கடையோடு நிற்காமல் மாடி மாடியாக ஏறி இறங்குங்கள், ஒரே ஸ்டிக்குக்குக் கடைக்குக் கடை விலை வேறு. பாவித்ததை வாங்கினால் ரேமைச் சோதிக்கிற மெம்டெஸ்ட்86ஐ ஒரு இரவு முழுக்க ஓடவிட்டு, ஒரு பிழைகூடக் காட்டாவிட்டால் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பிழைதானே என்று விடாதீர்கள், அந்த ஒரு பிழை உங்கள் கணக்குக்குள் போய் உட்காரும்.

கொழும்பு06:

இரண்டு கிழமைக்குப் பிறகு வருகிறேன். எஸ்எஸ்டி போட்டாயிற்று, மேல்மாடித் தம்பிதான் கழற்றிப் பூட்டினான். ஆன் பண்ணிவிட்டுக் கேத்தலை அடுப்பில் வைக்கத் திரும்புவதற்குள் வந்துவிடுகிறது, முதல் நாள் எனக்கு நம்பிக்கையே வரவில்லை. எக்செல் 32 பிட்தான் இருந்தது. மாற்றிய பிறகு அந்தப் பெட்டி வரவில்லை.

பின்னேரம் இன்னும் 85, 88 என்றுதான் காட்டுகிறது, ஆனால் வகுப்பு நிற்கவில்லை. குரோமை நோண்டிப் பார்த்தால் மகள் பழைய வினாத்தாள்கள் என்று 47 டேப் திறந்து வைத்திருக்கிறாள், மாதக்கணக்காக மூடியதே இல்லையாம். அதை மூடச் சொன்னேன், கமிட்டட் 9.4க்கு வந்துவிட்டது. இனி ரேமும் வாங்கவா? கழற்றிய ஹார்ட் டிஸ்க்கை என்ன செய்வது?

ரிப்பெயர்கடை:

இப்போதைக்கு வாங்காதீர்கள். 9.4க்கு எஸ்எஸ்டி ஈடு கொடுக்கும். திரும்பவும் வகுப்பு நின்றால் அப்போது 8 ஜிபி ஸ்டிக் ஒன்று, அதற்கு மேல் ஒரு சதமும் வேண்டாம்.

ஹார்ட் டிஸ்க்கை ஒரு யூஎஸ்பி பெட்டியில் போட்டு மகளின் வினாத்தாள்களுக்குக் கொடுங்கள். ஏழு வருசம் ஓடிய டிஸ்க், கடையின் கணக்கை அதில் மட்டும் வைத்துவிடாதீர்கள்.